சம்பளச் சீட்டில் ஒரு வரி: இ.எஸ்.ஐ. வரலாறும் மணிமங்கலம் வட்டாரத் தொழிலாளரும்

விடியுமுன்னே கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் இல்லாத தெரு இன்று மணிமங்கலம் வட்டாரத்தில் இல்லை. ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று நான்கு திசையிலும் ஷிப்டுக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகளின் சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தத்துக்கு அடுத்தாற்போல் ஒரு சிறிய வரி இருக்கும். 16,000 ரூபாய் சம்பளக்காரருக்கு அந்த வரியில் 120 ரூபாய் என்று அச்சாகியிருக்கும். அதுதான் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. அதே கணக்கில் நிறுவனம் தன் பங்காக 520 ரூபாய் கட்ட வேண்டும் என்பதும், அந்தப் பணத்தால் தன் வீட்டார் எல்லோருக்கும் மருத்துவ உரிமை உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது.

அந்த ஒரு வரியின் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. நோயுற்றவருக்கு மருத்துவம் தர யார் கடமைப்பட்டவர், அதைப் பெறத் தகுதியுள்ளவர் யார், தகுதிக்குக் கோடு கிழிப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் நம் நாடு இந்த நிறுவனத்தின் வழியாகத்தான் பெரிய அளவில் சந்தித்தது. ஊரின் வரலாற்றைப் பதிவு செய்யும் மலரில் மன்னர்களுக்கும் கோயில்களுக்கும் இடம் தருவதுபோல், உழைப்பவரின் உடல்நலம் காக்க எழுந்த இந்த நிறுவனத்துக்கும் இடம் தருவது பொருத்தமே.

கோயில் சுவர்கள் சொல்லும் பழைய ஏற்பாடு

பல்லவன் நரசிம்மவர்மனும் சாளுக்கியப் புலிகேசியும் மோதிய களங்களுள் ஒன்றாக மணிமங்கலத்தைக் கூரம் செப்பேடு குறிக்கிறது. நம் ஊர் ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் முதலாம் ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன் ஆகிய சோழ மன்னர்களின் கல்வெட்டுகள் இருக்கின்றன. இவர்களுள் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருமுக்கூடல் கோயிலிலும் உள்ளது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அந்த ஊரில், 11ஆம் நூற்றாண்டில் ஒரு மருத்துவமனை நடந்ததை அது விரிவாகச் சொல்கிறது. 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவை செய்யும் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளரைக் கவனிக்கப் பெண்கள் இருவர் என்று ஆள்கணக்கும், அவர்களுக்கான நெல்லும் காசும், ஆண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் அதில் இருக்கின்றன.

அந்தப் 15 படுக்கைகளும் கோயில் பணியாளருக்கும் அங்கே தங்கிப் படித்த மாணவருக்கும் உரியவை. வயலில் உழைத்த குடியானவருக்கு அந்தப் படுக்கையில் இடம் இருந்ததாகக் கல்வெட்டு சொல்லவில்லை. ஒரு நிறுவனம் தன்னிடம் வேலை செய்பவரின் நோய்க்குப் பொறுப்பேற்கும் உயர்ந்த எண்ணமும், அந்த நிறுவனத்துக்கு வெளியே நிற்பவர் விடுபட்டுப் போகும் குறையும் அன்றே சேர்ந்தே இருந்திருக்கின்றன. ஆயிரம் ஆண்டு கழித்தும் நாம் அதே குறையைத்தான் சரிசெய்ய முயன்றுகொண்டிருக்கிறோம்.

ஆலை வாசலில் எழுந்த குரல்

நவீனத் தொழிலாளர் உரிமையின் வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதன் முன்னணியில் நின்றார்கள். 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். அதே ஆண்டில்தான் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் வந்தது. வேலையில் கை போனால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று அது சொன்னது. காய்ச்சலில் படுத்தவருக்கும், காசநோயால் வேலை இழந்தவருக்கும் அதில் எதுவும் இல்லை. பிரசவித்த பெண் தொழிலாளிக்காக 1934இல் சென்னை மாகாணம் தனிச் சட்டம் செய்தது. அதிலும் பணம் தரும் பொறுப்பு அந்தந்த முதலாளியின் தலையில் இருந்ததால், பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்கும் நிலை உருவாக இடமிருந்தது.

முதலாளியின் மனத்தையும் நிலைமையையும் நம்பாமல், எல்லோரும் சேர்ந்து பணம் போட்டு, வேண்டியவர் எடுத்துக்கொள்ளும் பொதுநிதியே வழி என்ற எண்ணம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வலுப்பெற்றது. 1943இல் பேராசிரியர் பி.பி. அடார்க்கரிடம் அத்தகைய திட்டத்தை வகுக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. தொழிலாளர் நோய்க் காப்பீடு பற்றிய அவரது அறிக்கை 1944இல் வந்தது. அதே ஆண்டுகளில் ஜோசப் போர் தலைமையில் இன்னொரு குழு நாடு முழுதுக்குமான மருத்துவ அமைப்பைத் திட்டமிட்டது. சென்னை மருத்துவர் ஆ. லட்சுமணசாமி முதலியாரும், பம்பாய்த் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷியும் அந்தக் குழுவில் ஒன்றாக அமர்ந்தார்கள். பணம் கட்ட இயலவில்லை என்ற காரணத்தால் எவருக்கும் தகுந்த மருத்துவம் கிடைக்காமல் போகக் கூடாது என்பதை 1946இல் வந்த அந்த அறிக்கை அடிப்படை நெறியாக வைத்தது.

இப்படி ஒரே காலத்தில் இரண்டு பாதைகள் வெட்டப்பட்டன. அடார்க்கரின் பாதை ஆலைக்குள் இருப்பவருக்கு. பணம் கட்டியதால் வரும் உரிமை. போர் குழுவின் பாதை ஊரில் இருக்கும் எல்லோருக்கும்; குடிமகனாக இருப்பதால் வரும் உரிமை. முதல் பாதையின் முடிவில் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி நிற்கிறது. இரண்டாம் பாதையின் முடிவில் ஆரம்ப சுகாதார நிலையம் நிற்கிறது. நம் வட்டாரத்தில் இந்த இரண்டும் ஒரே சாலையில் சந்திக்கின்றன.

சட்டம் பிறந்த கதை

1948 ஏப்ரலில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்த பிறகு நடைமுறைக்கு வர நான்கு ஆண்டு ஆயிற்று. முதலில் தொடங்கவிருந்த நகரங்களின் முதலாளிகள், தங்கள் மேல் மட்டும் சுமை ஏறினால் மற்ற ஊர்ப் போட்டியாளரோடு எப்படி ஈடுகொடுப்பது என்று கேட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. 1951இல் சட்டத்தைத் திருத்தி, திட்டம் தொடங்காத ஊர்களின் ஆலை முதலாளிகளும் ஒரு பங்கு கட்ட வேண்டும் என்று ஆக்கினார்கள். சுமையைப் பங்கிடுவதிலும் நியாயம் வேண்டும் என்று தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்ட நிறுவனம் இது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். டெல்லியிலும் அன்றே தொடங்கியது. 1955இல் அது தமிழ்நாட்டுக்கு வந்தது. இங்கே முதல் வாசல் பஞ்சாலைகள் நிறைந்த கோயம்புத்தூரில் திறந்தது.

மின்சாரம் கொண்டு இயங்கும், 20 பேருக்குக் குறையாத, ஆண்டு முழுவதும் நடக்கும் ஆலைக்கு மட்டும்தான் முதலில் சட்டம் பொருந்தியது. மாதம் 400 ரூபாய்க்குள் வாங்குபவரே உள்ளே வர முடிந்தது. குடும்பத்தாருக்கு மருத்துவம் இல்லை, தொழிலாளிக்கு மட்டும்தான். 1950களின் இறுதியில் மனைவி மக்களுக்கும் அது விரிந்தது. பின்னர் 10 பேர் வேலை செய்யும் இடமும் வளையத்துக்குள் வந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தை வேலை விபத்தாகவே கருத 2010 திருத்தம் வழி செய்தது. வண்டலூர் வாலாஜாபாத் சாலையில் இரவு ஷிப்ட் முடித்துத் திரும்பும் பிள்ளைகளுக்கு இந்தத் திருத்தம் எவ்வளவு முக்கியம் என்பதை நம் ஊராருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் பெரும்பாலான டிஸ்பென்சரிகளையும் பல மருத்துவமனைகளையும் மாநில அரசு நடத்துகிறது. செலவில் எட்டில் ஏழு பங்கை இ.எஸ்.ஐ. கழகமும் ஒரு பங்கை மாநிலமும் ஏற்கின்றன. சென்னை கே.கே. நகர் மருத்துவமனையையும் அதன் மருத்துவக் கல்லூரியையும் கழகம் நேரடியாக நடத்துகிறது. அயனாவரம் மருத்துவமனை மாநிலத்தின் கையில் இருக்கிறது.

இந்தத் திட்டத்தின் உயிர்நாடி ஒரே ஒரு நெறி. கொடுப்பது சம்பளத்துக்கு ஏற்ப. பெறுவது நோய்க்கு ஏற்ப. 10,000 ரூபாய்க்காரர் 75 ரூபாய் கட்டுகிறார். 20,000 ரூபாய்க்காரர் 150 ரூபாய் கட்டுகிறார். இருவருக்கும் ஒரே மருந்து, ஒரே படுக்கை. சிகிச்சைக்கு இத்தனை லட்சம்தான் என்ற வரம்பும் இல்லை. இதைவிட நியாயமான மருத்துவ ஏற்பாடு நம் நாட்டில் தொழிலாளருக்கு வேறு இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

ஏரிப்பாசன ஊரில் தொழிற்பேட்டை

ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைந்த பகுதி நம்முடையது. 1990களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 1998இல் அதன் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, அடுத்த ஆண்டில் சாம்சங், 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான், பிறகு டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசை நீண்டது. அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்யும் சிறிய கம்பெனிகள் ஊர் ஊராக எழுந்தன. தெற்கு மாவட்டங்களிலிருந்தும், பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாமிலிருந்தும் இளைஞர்கள் வந்து குடியேறினார்கள். மணிமங்கலம், படப்பை, ஒரகடம் வட்டாரத்தில் வாடகை அறைகள் பெருகின.

தொழிற்சாலைகள் வந்த வேகத்தில் மருத்துவமனைகள் வரவில்லை. டிஸ்பென்சரியில் ரெஃபரல் சீட்டு வாங்கிக்கொண்டு கே.கே. நகருக்கோ அயனாவரத்துக்கோ போவதென்றால் ஒரு நாள் சம்பளம் போகும். தினக்கூலிக் கணக்கில் வேலை செய்பவருக்கு அந்தத் தூரமே ஒரு தகுதிச் சோதனையாகிவிடுகிறது. சட்டப்படி உரிமை உள்ளவரும் லீவு கிடைக்காமலும் கூலியை விட மனமில்லாமலும் பக்கத்துத் தனியார் கிளினிக்குக்குப் பணம் கொடுத்துப் போகிறார். ஸ்ரீபெரும்புதூர் பகுதிக்கென்று 100 படுக்கை கொண்ட இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2022இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இருங்காட்டுக்கோட்டையில் முதல் கார் வெளிவந்து 24 ஆண்டு கழித்து அந்தக் கல் விழுந்தது.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் விடுதி உணவால் பெரும் எண்ணிக்கையில் நோயுற்றதும், தோழிகளின் நிலை தெரியாமல் தவித்த பெண்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்ததும் நாடறிந்தவை. வீட்டை விட்டு வந்த பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் போவாள், யார் அவளை அழைத்துப் போவார் என்ற கேள்வியை அந்த நாட்கள் எல்லோர் முன்னும் வைத்தன. அதற்குப் பின் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெருங்குடியிருப்பைத் தமிழ்நாடு அரசு திறந்தது. நல்ல இருப்பிடமும் நல்ல உணவும் மருத்துவத்தின் முதல் பாதி என்பது இப்படித்தான் ஏற்கப்பட்டது.

தகுதிக் கோடுகள்

உள்ளே வந்துவிட்டவருக்கு நியாயமாக நடக்கும் இந்தத் திட்டத்தில், சிக்கலெல்லாம் வாசலில்தான் இருக்கிறது.

முதல் கோடு சம்பள உச்சவரம்பு. நம் மக்கள் பேச்சில் ‘சீலிங்’. 400 ரூபாயில் தொடங்கிய இந்த வரம்பு 1997இல் 6,500, 2006இல் 10,000, 2010இல் 15,000 என்று ஏறி, 2017 ஜனவரியில் 21,000 ஆயிற்று. மாற்றுத்திறனாளிக்கு 25,000. அதன் பின் பல ஆண்டுகள் அது அசையவே இல்லை. விலைவாசி ஏறும்போது ஒப்பந்தப் பேச்சில் சம்பளமும் சற்றே ஏறுகிறது. 20,800 வாங்கியவர் 21,300 ஆனதும் வெளியே போகிறார். 500 ரூபாய் உயர்வுக்கு விலையாகத் தன் குடும்பத்தின் முழு மருத்துவ உரிமையையும் கொடுத்துவிடுகிறார். சங்கங்கள் கூலி உயர்வு கேட்கும்போது இந்த இழப்பையும் மேசையில் வைத்துப் பேச வேண்டியிருக்கிறது. ஓவர்டைம் பணம் இந்த வரம்புக் கணக்கில் சேராது என்பதையும், ஒரு பங்களிப்புக் காலத்தின் நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினாலும் அந்த அரையாண்டு முடியும் வரை காப்பீடு தொடரும் என்பதையும் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது.

இரண்டாம் கோடு நாள் கணக்கு. மருத்துவம் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. வேலையில் அடிபட்டாலும் நாள் கணக்கு கேட்கக் கூடாது. சம்பளத்தில் 90 சதவீதம் இழப்பீடாக வர வேண்டும். ஆனால் நோய்க்கான விடுப்புப் பணத்துக்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அந்தத் தகுதி இருந்தால் 70 சதவீதச் சம்பளம் 91 நாள் வரை கிடைக்கும். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம் இரண்டு ஆண்டு வரை நீளும். பெண் தொழிலாளிக்கு 70 நாள் சந்தா இருந்தால் 26 வாரப் பிரசவ விடுப்பு முழுச் சம்பளத்தோடு உண்டு. நிரந்தரத் தொழிலாளிக்கு இந்த எண்களை எட்டுவது எளிது. சில மாத வேலைக்குப் பின் ‘பிரேக்’ கொடுத்து, மறுபடி வேறு கான்ட்ராக்டர் பெயரில் எடுக்கப்படும் தொழிலாளிக்கு ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை அறுகிறது. ஒவ்வொரு கான்ட்ராக்டரும் புது இன்சூரன்ஸ் எண் போட்டால், உழைத்த நாட்கள் பல எண்களில் சிதறிப் போகின்றன. ஆண்டு முழுதும் உழைத்தவர் காகிதத்தில் தகுதியற்றவராகிறார். இ.எஸ்.ஐ. எண் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் ஒன்றுதான் என்பதை ஊர் அறியச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் கோடு கான்ட்ராக்டருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஓடுகிறது. கான்ட்ராக்டர் பிடித்த பணத்தைக் கட்டவில்லை என்றால் யார் பொறுப்பு? 1948 சட்டத்தின் 40ஆம் பிரிவு இதில் தெளிவாக இருந்தது. கான்ட்ராக்டரின் ஆட்களுக்கும் முதலில் கட்ட வேண்டியவர் முதன்மை முதலாளி. பிறகு அவர் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் கூலியில் பிடிப்பதையும் சட்டம் தடுத்தது. முதலாளி கட்டத் தவறியதால் தொழிலாளியின் பலன் குறைந்தால், கழகமே பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க 68ஆம் பிரிவு வழி தந்தது. வேறொருவர் செய்த தவறுக்கு நோயாளி தண்டனை அனுபவிக்கக் கூடாது என்பதே இதன் உட்பொருள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. அதிலும் முதன்மை முதலாளியின் பொறுப்பு தொடர்கிறது.

நான்காம் கோடு பயிற்சியாளர் மேல் விழுகிறது. 1961ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டத்தின்கீழ் எடுக்கப்படும் ‘அப்ரண்டிஸ்’ பிள்ளைகள் இ.எஸ்.ஐ. கணக்கில் தொழிலாளர் அல்லர். அதே பிரஸ் மிஷினில், அதே பெயின்ட் புகையில் நின்று வேலை செய்யும் ஐ.டி.ஐ. முடித்த 19 வயதுப் பையனுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குள்ள அட்டை இல்லை. மிஷின் இருவரின் விரலையும் ஒன்றாகத்தான் பார்க்கும். இந்தக் கோட்டை அழிப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.

கேள்வி கேட்காத வாசல்

போர் குழுவின் கனவு தமிழ்நாட்டில் வேரூன்றியதற்கு மண் முன்பே பண்பட்டிருந்தது. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரத்துக்கென்று 1939இல் சட்டம் செய்தது சென்னை மாகாணம். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்ற அளவில் கிராமங்களுக்கு மருத்துவம் போனது. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பத் தொடங்கிய பின், ஓ.பி. சீட்டோடு மருந்தும் இலவசமாகக் கையில் கிடைப்பது உறுதியானது.

இந்த வாசலில் சம்பளச் சீட்டு கேட்பதில்லை. ஒடியா பேசுபவரையும் இந்தி பேசுபவரையும் உள்ளூர்க்காரரோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறார்கள். பிரசவம், தடுப்பூசி, நாய்க்கடி, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாவற்றுக்கும் இதுவே நம் முதல் இடம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. தொழிலாளியால் பகலில் வரிசையில் நிற்க முடியாது என்பதை உணர்ந்து, 711 தொழிற்சாலைகளில் 8.35 லட்சம் தொழிலாளரைப் பணியிடத்திலேயே பரிசோதிக்கும் திட்டத்தை 2023-24 நிதிநிலை அறிக்கை அறிவித்தது.

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48’ இதற்கும் மேலே ஒரு படி போனது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர், காப்பீட்டு அட்டை உள்ளவரா இல்லாதவரா என்று பார்க்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் அரசே ஏற்றது. உயிருக்குப் போராடும் மனிதரிடம் தகுதி கேட்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கடாரா வழக்கிலும், 1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கிலும் அரசமைப்பின் 21ஆம் பிரிவைக் காட்டிச் சொல்லியிருந்தது. அதைச் சாலையோரத்தில் செயலாக்கிக் காட்டிய பெருமை நம் மாநிலத்துக்கு உண்டு. 49ஆம் மணி நேரத்தில் காப்பீட்டு அட்டை பற்றிய கேள்வி திரும்பி வருகிறது. நாம் இன்னும் கடக்க வேண்டிய தூரம் அதுதான்.

இரண்டு திட்டங்களுக்கு நடுவே விழுபவர்

பெரிய அறுவைச் சிகிச்சை என்று வந்தால் ஏழைக் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு 2012இல் இன்றைய பெயர் பெற்றது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தகுதிக்கான ஆண்டு வருமானம் 72,000இலிருந்து 2022இல் 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. அதாவது மாதம் 10,000.

நம் வட்டாரத்தில் இந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். கான்ட்ராக்டில் மாதம் 15,000 வாங்கும் ஒருவரின் ஆண்டு வருமானம் 1,80,000. இ.எஸ்.ஐ. ஒழுங்காகக் கட்டப்படும் வரை அவருக்குக் குறையில்லை. வேலை போய், பலன் காலமும் முடிந்த பின் அவர் இ.எஸ்.ஐ.க்கு வெளியே நிற்கிறார். கடந்த ஆண்டு வருமானத்தைப் பார்த்தால் முதலமைச்சர் காப்பீட்டுக்கும் வெளியே நிற்கிறார். வேலை இல்லாமல், சேமிப்பும் கரைந்து, மருத்துவம் மிகவும் தேவைப்படும் மாதங்களில் இரண்டு கதவும் சாத்தியிருக்கின்றன. மேலே 21,000ஐத் தாண்டியவரின் கதியும் ஏறக்குறைய இதுவே. பிள்ளையின் இதய அறுவைக்கு முன்னால் 22,000 சம்பளம் பெரிய பணமல்ல.

வெளி மாநிலத் தொழிலாளருக்கும் முதலமைச்சர் காப்பீட்டில் இடம் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் தங்கியிருந்து, தொழிலாளர் துறையின் சான்று பெற்றால் வருமான வரம்பு இல்லாமலே சேரலாம். விதி நல்ல மனத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் மொழி தெரியாமல், ஆறு மாதத்துக்கு ஓர் அறை மாறும் இளைஞர் அந்தச் சான்றைத் தானே தேடிப் போய் வாங்குவது கடினம். ஆளைக் கூட்டிவந்த கம்பெனியும் கான்ட்ராக்டரும் அதை வாங்கித் தர வேண்டும்.

செய்ய வேண்டியவை

சம்பள உச்சவரம்பை விலைவாசியோடு இணைத்து ஆண்டுதோறும் தானாக உயரச் செய்ய வேண்டும். அல்லது வரம்பைத் தாண்டியவரும் தன் பங்கைக் கட்டித் தொடர வழி வேண்டும். பயிற்சியாளரை முதல் நாளிலேயே சேர்க்க வேண்டும். இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியேறும் குடும்பம் வருமானச் சான்று தேடி அலையாமல் முதலமைச்சர் காப்பீட்டுக்குள் உடனே வந்துவிட வேண்டும். இரண்டு பதிவேடுகளிலும் ஆதார் எண் இருக்கும் இந்தக் காலத்தில் இது பெரிய காரியமல்ல. ஷிப்ட் முடிந்து வருபவருக்காக டிஸ்பென்சரி மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்க வேண்டும். 400 ரூபாய் வரம்பு 21,000 ஆனதும், தொழிலாளிக்கு மட்டும் இருந்தது வீட்டாருக்கும் ஆனதும், வழிவிபத்து வேலை விபத்தானதும் வெளியே நின்றவர்களின் குரலாலும் அதைக் கேட்டவர்களின் மனத்தாலும் நடந்தவை. மேலே சொன்னவையும் நடக்கும்.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். வேலையில் சேரும் நாளிலேயே இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பழைய எண் இருந்தால் அதையே கொடுங்கள். மனைவி, பிள்ளைகள், உங்களை நம்பி வாழும் பெற்றோர் பெயர்கள் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சந்தா மாதாமாதம் ஏறுகிறதா என்று செல்போனிலேயே பார்க்க முடியும். ஏறவில்லை என்றால் அன்றே கேளுங்கள், சங்கத்திடம் சொல்லுங்கள், கழகத்துக்கு எழுதுங்கள். உங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் வெளியூர்ப் பிள்ளைக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். அவருக்குத் தெரியாத மொழியில் ஒரு படிவம் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். உங்கள் சம்பளத்தில் பிடிக்கப்படும் அந்த முக்கால் சதவீதம் உங்கள் பணம். அதனால் வரும் மருத்துவம் உங்கள் உரிமை. அதைத் தயங்காமல் கேட்டுப் பெறுங்கள்.